எட்டுப் பள்ளிகள், ஒரே ஒரு தேர்வு

வணக்கம். நியூயார்க் நகரத்தில் கட்டணமே இல்லாத எட்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சேர வேண்டுமென்றால், எட்டாம் வகுப்பில் மூன்று மணி நேரம் எழுதுகிற ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்தான் கணக்கு, மூன்று வருடமாக வகுப்பில் வாங்கிய மார்க்கோ ஆசிரியரின் பரிந்துரையோ எதுவும் செல்லாது. 2019-இல் சுமார் 27,000 பேர் எழுதினார்கள், 4,800 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. எட்டில் பெயர் பெற்ற ஸ்டைவசண்ட் பள்ளியில் அந்த வருடம் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். நகரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் வம்சாவளியினர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அப்புறம் அந்த ஏழு என்ற எண்ணை மறக்க முடியாது.

அப்போதைய நகர மேயர் பில் டி பிளாசியோ அதற்கு முந்தைய வருடமே தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் 7 சதவீதப் பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்றார். ஆசிய அமெரிக்கப் பெற்றோர் கொதித்துப்போனார்கள், ஏனென்றால் இடங்களில் ஏறக்குறைய பாதி அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர்களைப் பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், ஆங்கிலம் சரளமாக வராதவர் என்று எத்தனையோ பேர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டியிருந்தார்கள். அவர்களை முன்னாடியே கூப்பிட்டுப் பேசாமல் திட்டத்தை அறிவித்தது பெரிய தப்பு. எந்த ஓர் இனமும் இந்தப் பள்ளிகளைச் சொந்தம் கொண்டாட முடியாது என்கிற மாதிரி கல்வித்துறைத் தலைவர் பேசியது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

ஆனால் அந்தத் தேர்வு திறமையைச் சரியாக அளக்கிறதா? 2017-க்கு முன்னால் அதில் ஒரு பகுதி இருந்தது, ஒரு பத்தியின் வாக்கியங்களைக் கலைத்துப் போட்டுச் சரியான வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். வழக்கமான பள்ளிப் பாடத்தில் இல்லாத பயிற்சி, கோச்சிங் சென்டரில் மட்டும் உண்டு. இன்னொன்று, மதிப்பெண் கணக்கிடும் முறையால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஒரே மாதிரி நன்றாக எழுதியவரை, ஒன்றில் உச்சம் தொட்டு மற்றதில் சுமாராக எழுதியவர் முந்திவிட முடிந்தது. இது தெரிந்து தயார் செய்கிற பிள்ளையும், தேர்வு என்று ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளையும் ஒரே நகரத்தில்தான் படிக்கிறார்கள்.

சரி, ஏன் மாற்ற முடியவில்லை? 1971-இல் தேர்வில் பாரபட்சம் இருக்கிறதா என்று ஆராயலாம் என்ற பேச்சு எழுந்த உடனேயே, மாநிலச் சட்டமன்றம் தேர்வை மட்டும் வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. ஸ்டைவசண்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் மூன்றும் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மீதி ஐந்தில் நகர நிர்வாகமே மாற்றம் கொண்டுவரலாம் என்று வாதாடியவர்கள் உண்டு, மேயர் அதில் கை வைக்கவில்லை. தேர்வை எடுத்துவிடும் மசோதா 2019-இல் சட்டமன்றத்திலேயே முடங்கிப்போனது.

வர்ஜீனியா மாநிலத்தில் இதேபோல் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்துவந்த தாமஸ் ஜெஃபர்சன் அரசு உயர்நிலைப் பள்ளி வேறு வழியில் போனது. 2020-இல் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கினார்கள். கூடவே மொத்த இடத்தை 480-இலிருந்து 550 ஆக உயர்த்தினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தவர்கள் 25 சதவீதமாக ஆனார்கள். ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73-இலிருந்து 54-க்கு இறங்கியது, அந்தப் பெற்றோரின் வருத்தம் நியாயமானது, வழக்கும் போட்டார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்ததால் புதிய முறை நிலைத்தது.

நான் இந்த இரண்டாவது வழியின் பக்கம். ஏதோ ஒரு மூலையில் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் முதலிடத்தில் நிற்கிற பிள்ளைக்கும் இடம் கிடைக்க வேண்டும், அதற்காக இன்னொரு ஏழைப் பிள்ளையின் இடத்தைப் பிடுங்காமல் இடங்களைக் கூட்ட வேண்டும். இருக்கிற எட்டுப் பள்ளிகளுக்காகப் பெற்றோர் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருக்கும்வரை, ஒன்பதாவது பத்தாவது பள்ளிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி எந்த அரசியல்வாதியையும் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியை இந்த இரண்டு தரப்புப் பெற்றோரும் சேர்ந்து மாநிலத் தலைநகர் ஆல்பனியில் போய்க் கேட்க வேண்டும், 1971 சட்டம் அங்கேதான் இருக்கிறது.