குரங்குதான் கதவைத் தட்டுமாம்!

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம். சபைக்கு மட்டும் டபுள் வணக்கம், பின்னாடி பிரியாணி வந்து இறங்கின வாசனை அடிச்சும் யாரும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கீங்க பாருங்க, அதுக்கு.

லேட்டா வந்தவங்களுக்காகத் தலைப்பை ஒருதரம் சொல்லிடறேன். குடும்பத்தோட இடம் மாறிப் போறவங்களுக்கு ஏத்தது மலையோர ஊரா, பெருநகரமா? நாங்க மலையோரம், அவங்க பெருநகரம். சொல்லியாச்சு. இனிமே தலைப்புகிட்ட எனக்கு வேலை இல்ல, எதிரணி அக்காகிட்டதான் வேலை.

அக்கா என்ன சொல்லிட்டுப் போனாங்க? "மலையடிவாரத்துல வீடு வாங்கிப் போங்க தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட மாட்டார், குரங்குதான் வந்து தட்டும்"னாங்க. மொத்த சமூக மன்ற ஹாலும் சிரிச்சுது. பரவால்ல, சிரிங்க. மூணாவது வரிசைல என் வீட்டுக்காரம்மா விசிலடிக்காத குறையா கைதட்டினாங்க, அதையும் பாத்துட்டுதான் இங்க நிக்கிறேன்.

அக்கா, குரங்கைப் பாக்க மலைக்கா போகணும்? நம்ம சிங்கப்பூர்லயே இருக்கே! இந்த ஹால்ல புக்கிட் பாஞ்சாங்காரங்க யாராச்சும் இருந்தா கை தூக்குங்க. ஆங், அந்த அங்கிள். அங்கிள், உங்க வீட்டுக்குக் குரங்கு வந்திருக்கா இல்லியா? தலையாட்டறார் பாருங்க! சன்னலைத் தெறந்து வச்சுட்டுக் குளிக்கப் போனா வந்து பாக்கும்போது மேசை மேல ரொட்டி பாக்கெட் இருக்காது. குரங்கு மட்டுமா, அந்தப் பக்கம் காட்டுப்பன்றி ரோட்டுக்கு வருது, பீஷான் பக்கம் நீர்நாய் குடும்பம் குடும்பமா வந்து காண்டோ அடுக்குமாடிக் குளத்துல எறங்கி, அழகுக்கு வளக்கற கோய் மீனா பாத்து சாப்பிட்டுப் போகுது. கோய் மீன் என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு? நான் என் கல்யாண நாளுக்குக் கூட அவ்வளவு செலவு பண்ணி மீன் சாப்பிட்டதில்ல! போதாததுக்கு, பாவமேன்னு குரங்குக்கு ஒரு வாழைப்பழம் குடுத்தா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் ஃபைன் போடலாம், 2020ல வந்த சட்டம். அது வந்து நம்ம ரொட்டியை எடுத்துட்டுப் போனா அதுக்கு என்ன ஃபைன்னு யாருமே சொல்லல.

இன்னொண்ணு. குரங்கு வந்து கதவைத் தட்டும்னு கேலி பண்ணீங்களே, குரங்காவது தட்டுதே அக்கா! நம்ம புளோக்ல யார் வந்து தட்டறாங்க? எங்க எதிர்வீட்டுக்காரர் பேரே எனக்கு அவர் வாசல்ல கெடக்கற பார்சல் ஸ்டிக்கரைப் பாத்துதான் தெரியும். லிஃப்ட்ல பாத்தா அவர் போனைப் பாப்பார், நான் லிஃப்ட் நம்பரைப் பாப்பேன். ஒருநாள் அவர் பார்சல் தப்பா என் வீட்டுக்கு வந்துட்டுது, அன்னைக்குதான் முதமுதலா பேசினோம், அதுவும் என்ன பேசினோம், "தேங்க்யூ", "ஓகே". முடிஞ்சுது. இந்தப் பெருநகரத்தைத்தான் குடும்பத்துக்கு ஏத்த ஊர்னு அக்கா பதினைஞ்சு நிமிஷம் பேசினாங்க.

சரி, நம்ம ஊர்ல இருக்கற மலையைக் கொஞ்சம் பாப்போம். புக்கிட் தீமா, 163 மீட்டர். டக்ஸ்டன்ல நிக்குதே 50 மாடி வீவக புளோக், அதான் அரசாங்க அடுக்குமாடி, அதோட நிறுத்தி வச்சுப் பாத்தா கிட்டத்தட்ட ஒரே உயரம். அதாவது நம்ம ஊர்ல மலையுச்சிக்குப் போகணும்னா லிஃப்ட்லயே போயிடலாம்! அந்த 163 மீட்டருக்கு ஞாயித்துக்கிழமை காலைல ஷூ போட்டு, தண்ணி பாட்டில் மாட்டி, வாட்ச்ல ஸ்டெப் எண்ணிக்கிட்டுப் போறாங்களே, யாரு? எதிரணி சாரு! போன வாரம் பேஸ்புக்ல போட்டோ போட்டிருந்தார், பாத்து லைக் போட்டவன் நான். ஆசை எல்லாருக்கும் இருக்குய்யா, ஒத்துக்கதான் மாட்டேங்கறாங்க.

ராத்திரி ஆனா ஏர்கானைப் பதினெட்டுல வச்சுட்டு, மேல ரெண்டு போர்வை போத்திட்டுப் படுக்கறோம். கரண்ட் பில் கட்டி பெட்ரூம்ல ஊட்டி செய்யறோம்! ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும்ங்கறது பள்ளிக்கூடக் கணக்கு, குன்னூர் 1,850 மீட்டர், நீங்களே பெருக்கிக்குங்க. மலேசியா ஈப்போவைப் பத்தி எங்க அணித் தங்கச்சி நல்லாவே சொல்லிட்டாங்க, சுண்ணாம்புக் குன்று சுத்தி நிக்குது, கல்லுமலைல முருகன் இருக்கார், பக்கத்துலயே தமிழ்ப்பள்ளி இருக்கு, ராத்திரி பஸ் ஏறினா காலைல போய்ச் சேரலாம். அதனால அதை நான் விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு, மலைன்னதும் எல்லாரும் உச்சியைத்தான் நெனைக்கறாங்க. எங்க அணி சொல்றது மலையோரம். மலை மேல இல்ல, ஓரம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை எங்க அண்ணி கண்டுபிடிச்ச கதைதான் இப்ப சொல்லப்போறேன். நடுவர் ஐயா மணியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க.

எங்க பெரியப்பா மகன், யீஷூன்ல இருந்தவர், கம்பெனில கோயம்புத்தூர் ஆபீசுக்கு மாத்திக்கிறீங்களான்னு கேட்டாங்க. அண்ணன் உடனே சரின்னுட்டார். அண்ணி, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, பெரியம்மா, எல்லாரும் கிளம்பறதா முடிவு. அண்ணனுக்கு ஒரே ஆசை, கோத்தகிரில வீடு. சன்னலைத் தெறந்தா மேகம் உள்ள வரணும், தேயிலைத் தோட்டத்துல நடந்துகிட்டே காப்பி குடிக்கணும். தேயிலைத் தோட்டத்துல எதுக்குய்யா காப்பின்னு யாரும் கேக்கல.

மேட்டுப்பாளையம் தாண்டி கார் வளைஞ்சு வளைஞ்சு ஏறிப் போச்சு. சின்னவ ரெண்டு தடவை வாந்தி. மேல போனா ப்ரோக்கர் நிக்கிறார், மங்கி குல்லா போட்டுகிட்டு. அக்கா, நீங்க சொன்ன குரங்கு இதுதான்னு வச்சுக்குங்க, குல்லாதான் மங்கி, ஆளு நரி!

முதல்ல என்ன காட்டறார், தேயிலைத் தோட்டத்தோட வீடு. அண்ணனுக்குக் கண்ணு வெளிச்சமாயிடுச்சு. அண்ணி நிறுத்தினாங்க. "எங்ககிட்ட இருக்கறது சிங்கப்பூர் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டு இந்திய வம்சாவளிக்குக் குடுக்கற ஓசிஐ கார்டும். ஓசிஐக்காரங்க இந்தியால வீடு வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு வாங்க முடியாது. இந்தத் தோட்டம் எங்களுக்கு எப்படி வரும்?"னு கேட்டாங்க. ப்ரோக்கர் குல்லாவை ஒருதரம் கழட்டி மாட்டிகிட்டார். "அப்படீங்களா, வேற வீடு பாக்கலாமுங்க, அஞ்சு நிமிசமுங்க"ன்னார்.

அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே, அங்கதான் கதையே ஆரம்பிக்குது.

ரெண்டாவது வீடு, சரிவுல நிக்குது. திண்ணையில நின்னா எதிர்ல பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் இன்னொரு மலை. அண்ணி கேக்கறாங்க, "ஸ்கூல் எங்கங்க?" ப்ரோக்கர் கையை நீட்டறார். "அந்தா தெரியுது பாருங்க சிவப்புக் கூரை. அஞ்சே நிமிசமுங்க." பாத்தா நெஜமாவே தெரியுது! கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கு. அண்ணன் "பரவால்லயே"ங்கறார். அண்ணி விடல, "ரோடு எப்படிப் போகுது?" "இப்படிக் கீழ எறங்கி, பாலத்தைத் தாண்டி, அப்படி ஏறிப் போகோணுமுங்க." "அதுக்கு எவ்வளவு நேரம்?" "அது முக்கா மணி நேரம் ஆவுமுங்க." "அப்ப அஞ்சு நிமிஷம்?" "பாக்கறதுக்குங்க!"

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. "ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டர்?" "அந்தா அந்த லைட்டு தெரியற இடமுங்க, அஞ்சு நிமிசமுங்க." "அதுவும் பாக்கறதுக்கா?" பதில் இல்ல. "தண்ணி?" "போன் போட்டா லாரி அஞ்சு நிமிசத்துல வந்துருமுங்க." "மழைல ரோடு சரிஞ்சா?" "அஞ்சு நிமிசத்துல எடுத்துருவாங்க." 2009 நவம்பர்ல அதே மலைல மண்சரிவுல நாப்பது பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க, இந்த மனுஷன் அஞ்சு நிமிஷம்ங்கறான்!

பேசிகிட்டிருக்கும்போதே கீழேருந்து மேகம் ஏறி வருது. அண்ணன் ஆசைப்பட்ட அதே மேகம்தான். வந்து பள்ளத்தாக்கை மூடிடுச்சு. எதிர்மலையைக் காணோம், சிவப்புக் கூரையைக் காணோம், ஒண்ணையுமே காணோம், வெள்ளையா இருக்கு. அண்ணி ப்ரோக்கரைப் பாத்து மெதுவா கேட்டாங்க, "இப்ப ஸ்கூல் எங்க?" அவர் அசரவே இல்ல. "அங்கயேதானுங்க இருக்குது, அஞ்சு நிமிசம் பொறுங்க, தெரியும்!"

இன்னைக்கும் எங்க குடும்பத்துல யாராச்சும் லேட்டா வந்து பொய் சொன்னா, "அங்கயேதானுங்க இருக்குது"ம்போம். என் வீட்டுக்காரம்மா என்னைப் பத்தியே சொல்லுவாங்க. பாத்திரம் கழுவியாச்சான்னு கேட்டா நான் அஞ்சு நிமிஷம்னு சொல்ல, அவங்க எட்டிப் பாத்துட்டு, "சிங்க் அங்கயேதானுங்க இருக்குது"ன்னு... சரி, வீட்டு விஷயம் வேண்டாம், அவங்க முறைக்கிறாங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, அண்ணி காரைக் கீழ எறக்கச் சொல்லிட்டாங்க. இப்ப இருக்கறது வடவள்ளி, மருதமலை அடிவாரம். ஸ்கூல் பஸ் தெருமுனைக்கு வருது, டாக்டர் அடுத்த தெரு, அது நெஜ அஞ்சு நிமிஷம். கோயம்புத்தூர் சிட்டிக்கு உள்ள போய் வரலாம், நேரா ஃப்ளைட் இருக்கு, நாலரை மணி நேரத்துல சாங்கி ஏர்போர்ட். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடிமாசம் காத்து வந்து துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிடுதாம், அதைத் திருப்பிக் கொண்டுவந்து குடுக்கறதுக்குன்னே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டறாராம் அக்கா, மனுஷன்தான், குரங்கு இல்ல!

யானை வரும்ல, வரும்லன்னு எதிரணி சார் அங்கேருந்து சைகை காட்டறார். வரும் சார். காட்டோரமா வேலியை ஒட்டி மனை வாங்கினா வரத்தான் செய்யும், அது அதோட வழி. அதனாலதான் அண்ணி ஊருக்குள்ள நாலு தெரு தள்ளி வாங்கினாங்க. நீங்க போறதா இருந்தாலும் சித்திரைல சீசனுக்குப் போய் வீடு பாக்காதீங்க, அப்ப எல்லா ஊரும் அழகாத்தான் இருக்கும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கிப் போற அளவுக்குக் கூட்டம். ஐப்பசி கார்த்திகைல அடைமழைல போய்ப் பாருங்க, எந்த ரோடு நிக்குது, எந்தச் சுவர் ஊறுதுன்னு அப்பதான் தெரியும்.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, தெரியுது. பெரியம்மாவைப் பத்தி மட்டும் சொல்லிட்டு எறங்கிடறேன்.

பெரியம்மா கல்யாணம் ஆகி இங்க வந்தவங்க. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் பால்குடம் எடுத்து நடப்பாங்க. பெரியப்பாவுக்கு உடம்பு முடியாம போன வருஷமும் நடந்தாங்க, அவர் தவறின வருஷமும் நடந்தாங்க. அப்புறம் முட்டி விட்டுட்டுது. யீஷூன் வீட்டுல காரிடார்ல நாக்காலி போட்டு உக்காந்திருப்பாங்க, எதிர்ல இன்னொரு புளோக், அதைப் பாத்துகிட்டே இருப்பாங்க. என்ன பெரியம்மா பாக்கறீங்கன்னா, "எந்த வீட்டுல துணி எடுக்காம விட்டுட்டாங்கன்னு பாக்கறேன்டா"ம்பாங்க. ஊருக்குப் போறப்போ சாங்கில அழுதாங்க, உன் பெரியப்பாவை விட்டுட்டுப் போறேன்டான்னு என் கையைப் புடிச்சுகிட்டு விடவே இல்ல.

இப்ப தினம் பொழுது சாயற நேரத்துக்கு வீடியோ கால் வரும். எப்படி இருக்க, சாப்பிட்டியா, ஒண்ணும் கேக்கறதில்ல. மொட்டை மாடிலேருந்து போனைத் திருப்பி மலைக்கு நேரா புடிப்பாங்க, கோயில் லைட்டு எரியற நேரம். "தெரியுதாடா முருகன்?" எனக்கு என்ன தெரியும், கட்டம் கட்டமா கருப்பா இருக்கும், நடுவுல ஒரு புள்ளி. "தெரியுது பெரியம்மா"ம்பேன். "இனிமே அவனைத் தேடி நான் நடக்க வேணாம்டா, அவன் என் வாசல்லயே நிக்கிறான். உன் பெரியப்பாவும் இருந்திருந்தா..." அதோட போனைக் கீழ வச்சிடுவாங்க, கட் பண்ணத் தெரியாது, கொஞ்ச நேரம் வானம் தெரியும், அப்புறம் அண்ணி வந்து கட் பண்ணுவாங்க.

பாலிகிளினிக் இருக்கு, எம்ஆர்டி ரயில் இருக்கு, ராத்திரி பன்னண்டு மணிக்குப் பரோட்டா கெடைக்குதுன்னு அக்கா அடுக்கினாங்க. எல்லாம் உண்மை, ஒண்ணுக்கும் எங்கிட்ட பதில் இல்ல, பதில் தேடவும் எனக்கு இஷ்டம் இல்ல. இந்த ஹால்ல வீட்டுல வயசான அம்மா இருக்கறவங்க எத்தனை பேர், அவங்க இப்ப எந்த எதிர் புளோக்கைப் பாத்துகிட்டு உக்காந்திருக்காங்கன்னு நீங்களே நெனைச்சுக்குங்க.

கண்ணைத் தொடைக்கிறீங்க நடுவர் ஐயா, நான் பாத்துட்டேன். லாஜிக் மார்க் எல்லாத்தையும் எதிரணி அக்காவுக்கே குடுத்துடுங்க, தீர்ப்பை மட்டும் இந்தப் பக்கம் தள்ளி விடுங்க. வணக்கம்.