ஜூலியட் யாரையும் தேடவில்லை

வணக்கம் நேயர்களே.

ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ஒரு வரி உலகத்துக்கே தெரியும். இரவில் மாடத்தில் தனியே நின்றுகொண்டு ஜூலியட், "வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ" என்கிறாள். மாணவப் பருவத்தில் இதை முதன்முதலாகப் படித்தபோது, அவள் இருட்டில் ரோமியோவைத் தேடுகிறாள், "எங்கே இருக்கிறாய்" என்று கேட்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன். "எங்கே" என்று பொருள்படும் வேர் என்ற ஆங்கிலச் சொல்தான் உள்ளே இருக்கிறதே! ஆனால் அடுத்த வரியிலேயே, "உன் தந்தையை மறுத்துவிடு, உன் பெயரைத் துறந்துவிடு" என்கிறாள். ஆளைத் தேடுகிறவள் அவன் பெயரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. வேர்ஃபோர் என்றால் "ஏன்". நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய், எங்கள் குடும்பத்துக்கு ஆகாத வீட்டுப் பிள்ளையாக ஏன் இருக்கிறாய் என்று புலம்புகிறாள் அந்தப் பெண்.

அந்தச் சொல்லின் பொருளை அவள் வாயிலிருந்தே தெரிந்துகொண்டேன். அப்படித் தெரிந்துகொண்ட சொல் இன்றுவரை மறக்கவில்லை.

பழைய ஆங்கிலம் என்றதும் முன்பின் பார்த்திராத சொற்களைக் கண்டுதான் பலரும் மிரளுகிறார்கள். அவற்றால் பெரிய தொல்லை இல்லை. தெரியாது என்பது தெரிகிறது, அகராதியைப் புரட்டுகிறோம், முடிந்தது. தெரிந்த முகத்தோடு வருகிற சொற்கள்தான் ஏமாற்றும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இளவரசன் ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைத் தொடர்ந்து போகத் துடிக்கிறான், நண்பர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். "என்னை லெட் செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்" என்று கத்துகிறான். இன்று லெட் என்றால் அனுமதிப்பது. அங்கே தடுப்பது! நண்பர்களின் கைகள் அவன் மேல் இருப்பதை மனக்கண்ணில் பார்த்துவிட்டால் வேறு பொருள் கொள்ளவே முடியாது. இந்தப் பழைய லெட் முழுக்கச் செத்தும் போகவில்லை. பாஸ்போர்ட்டில், இவரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்று கேட்கும் வாசகத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அதே நாடகத்தில் இன்னொன்று. ஆவி வந்த செய்தியைக் கேட்டதும் ஹாம்லெட், "ஐ டௌட் சம் ஃபௌல் ப்ளே" என்கிறான். இன்றைய ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவர், சதி நடந்திருக்காது என்று அவன் எண்ணுவதாக எடுத்துக்கொள்ளக்கூடும். அவன் சொல்வது நேர் எதிர்: சதி நடந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். தமிழில் நாம் சந்தேகப்படுவது எப்படியோ, ஷேக்ஸ்பியர் காலத்து டௌட்டும் அப்படியே வரும். தமிழ் காதோடு கேட்டால் அந்த வரியில் சிக்கலே இல்லை.

சொற்கள் இப்படித் தடம் மாறுவது நமக்குப் புதிதும் அல்ல. "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்று வள்ளுவர் மொட்டுக்குள் இருக்கும் நறுமணத்தைச் சொன்னார். இன்று ஒரு பூவைப் பற்றி அப்படிச் சொல்லிப் பாருங்கள்! லியர் அரசன் நாடகத்தில் எலிகளை "ஸ்மால் டியர்" என்று சொல்லும் இடம் வருகிறது. டியர் என்றால் அந்நாளில் ஏதாவதொரு விலங்கு. மான் மட்டும் என்று அது சுருங்கியது பின்னால்.

அனான் என்ற சொல்லை நான் மிகவும் விரும்புகிறேன். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதல் பாகத்தில் ஒரு மதுக்கடை. ஃபிரான்சிஸ் என்ற பணியாள் பையனை இளவரசன் இந்தப் பக்கம் பேச்சுக் கொடுத்து நிறுத்துகிறான், இன்னொருவன் அடுத்த அறையிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பையன் "அனான், அனான், சார்" என்று குரல் கொடுக்கிறான், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "இதோ வந்துட்டேன்" என்று நாம் சொல்வதேதான். அனான் முதலில் "உடனே" என்று பொருள்பட்டது, பிறகு "சற்று நேரத்தில்" என்று ஆனது. ஏன் அப்படி ஆனது என்பதற்கு அந்தப் பையனைப் பார்த்தாலே போதும்.

சரி, தௌ என்ற சொல்லுக்கு வருவோம். பிரார்த்தனைகளிலும் பழைய கவிதைகளிலும் கேட்டுப் பழகியதால் அது ஏதோ மிகுந்த மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். தௌ என்பது "நீ". யூ என்பது பலரைக் குறிக்கும், மரியாதையாக ஒருவரையும் குறிக்கும், அதாவது "நீங்கள்". கடவுளை நீ என்று அழைப்பது தேவாரம் கேட்ட காதுக்கு வியப்பாக இருக்காது. இன்றைய ஆங்கிலத்தில் யூ ஒன்றுதான் மிச்சம். ஆகவே ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்கூட இந்த வேறுபாட்டைக் குறிப்பு பார்த்துத்தான் கற்க வேண்டும். நமக்கு அது பேச்சிலேயே இருக்கிறது. இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்?

ஹாம்லெட் தன் தாயின் அறைக்குள் வருகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய்" என்று தௌ போட்டுத் தொடங்குகிறாள் தாய். அவள் சொல்லும் தந்தை, அவள் மறுமணம் செய்துகொண்ட, ஹாம்லெட்டின் சித்தப்பன். மகன் யூ போட்டுத் திருப்பித் தருகிறான்: "அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்." அவன் சொல்வது இறந்துபோன அப்பாவை. உடனே தாயும் மகனிடம் யூ என்று மாறிவிடுகிறாள். பிள்ளைமேல் கோபம் முற்றினால் ஒரு தாய் திடீரென்று "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்பாளே, அந்தக் குளிர்ந்த மரியாதை இது. நான்கே வரிகளில் எவ்வளவு தூரம் விலகிவிடுகிறார்கள் பாருங்கள்! உரைநடை மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகக்கூடிய இந்த விலகலை மூலத்தில் படிக்கிற தமிழர் தவறவிடக் கூடாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பின்னோக்கிப் போங்கள் என்பதே. முதலில் ஆஸ்கர் வைல்டின் 1895 நாடகம், இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட். அடுத்து ஷெரிடனின் ரைவல்ஸ், 1775. சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லும் திருமதி மாலப்ராப் அதில்தான் வருகிறார். அப்புறம் ஷேக்ஸ்பியர். வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் இரண்டு பேராக. ஒரு காட்சியை முடிக்கும்வரை அகராதியைத் தொடாதீர்கள். முடித்த பிறகு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஆனியன்ஸ் 1911-இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் சொற்கோவை போன்ற ஒன்றைப் பாருங்கள். நாம் ஊகித்த பொருள் அங்கே அச்சில் இருப்பதைக் காண்பது தனி மகிழ்ச்சி.

நான் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒரு காட்சி மச் அடூ அபௌட் நத்திங் நாடகத்தில் இருக்கிறது. எப்போதும் சண்டை போடும் பெனடிக்கும் பியாட்ரிஸும் அழுகைக்கு நடுவே காதலைச் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவரை யூ என்றே பேசிவந்தவன், "என் வாளின் மேல் ஆணை, பியாட்ரிஸ், நீ என்னைக் காதலிக்கிறாய்" என்று தௌ-வுக்குத் தாவுகிறான். அடுத்து கொஞ்சம் தயங்கி யூ-வுக்குத் திரும்புகிறான். அவளோ யூ-வை விடவில்லை. மனதைத் திறந்து சொன்ன பிறகும் "உங்களை" என்றுதான் சொல்கிறாள். கடைசியில் அவன் முழு நெருக்கத்தோடு, "உனக்காக எதை வேண்டுமானாலும் செய்யச் சொல்" என்கிறான். அந்த "உனக்காக" வாயில் ஈரம் காயும் முன்னே, அவனுடைய நெருங்கிய நண்பனின் பெயரைச் சொல்லி அவள் பதில் தருகிறாள்: "கிளாடியோவைக் கொல்லுங்கள்."