காலையில் வைக்கும் முதல் அடி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் பிசியோதெரபி பார்க்கிறவன். குதிகால் வலி என்று வருகிறவர்களில் பலர், உட்காருவதற்கு முன்பே எக்ஸ்ரே படத்தை நீட்டிவிடுவார்கள். "எலும்பு வளர்ந்திருக்காம் சார், வெட்டி எடுக்கணுமா?" ஆறு மாதத்துக்கு முன் அப்படி வந்தவர், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்கா. காலையில் கடைக்குள் நுழைந்தால் ராத்திரி வரை நின்றபடியே வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்களே, ஸ்டூல் இல்லையா என்று கேட்டேன். "ஸ்டூல் இருக்கு. உட்காரத்தான் முடியல" என்றார்.

எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு, வலி எப்போது அதிகம் என்று கேட்டேன். "கட்டிலை விட்டு இறங்கி மொத அடி வச்சா உசுரு போகுது. கொஞ்சம் நடந்தா தேவலை. சாயங்காலம் திரும்பவும் ஆரம்பிச்சிரும்." எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்கள் வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில் என்றால், அதற்கு நாண் இதுதான். மணிக்கணக்கில் நிற்பது, எடை கூடுவது, கெண்டைக்கால் சதை இறுகுவது, பழக்கமில்லாமல் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புவது, எல்லாமே அந்த நார் குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தை நைந்துபோக வைக்கும். தூங்கும்போது நார் சுருங்கிக் கிடக்கிறது. விடிந்ததும் உடம்பின் மொத்த எடையையும் போட்டு அதைச் சடாரென்று இழுக்கிறோம்.

எலும்பு வளர்ச்சியா? வலியே இல்லாத பலருக்கும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வளர்ச்சி எக்ஸ்ரேயில் தெரியும். வலி தீர்ந்த பிறகும் அங்கேயே இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? தரையில் கால் வைக்கும் முன்பே ஆரம்பியுங்கள். கட்டிலில் உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்ற முழங்காலின் மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி மடக்கி இழுங்கள். உள்ளங்காலில் கயிறு மாதிரி ஒன்று முறுக்கேறி கைவிரலுக்குத் தட்டுப்படும். பத்து எண்ணும் வரை பிடித்து, விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. அப்புறம், சுவரில் கைவைத்து ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தூக்காமல் கெண்டைக்காலையும் இழுத்துவிடுங்கள்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டுக்கென்றே தனியாக ஒரு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கிவிட்டால் அந்தச் சண்டையும் இல்லை. மீனாட்சி கோயிலுக்கு வெறுங்காலோடுதான் போக வேண்டும். அம்மனைக் கும்பிடுங்கள், ஆடி வீதியைச் சுற்றி வருவதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

செங்கலைச் சூடாக்கி எருக்கிலை வைத்து மிதிக்கலாமா என்று கேட்காதவர்களே இல்லை. இதமான சூடு கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிட்டேயே போகக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் கிளம்பினாலும் தெரியாது. ஐஸ் ஒத்தடத்திலும் அவர்களுக்கு அதே ஆபத்து.

குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சட்டென்று கேட்கும்தான். திரும்பத் திரும்பப் போட்டால் அந்த நாரே அறுந்துபோக வாய்ப்புண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் கூட. பாதம் மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்துக்கொண்டால், அது வேறு ஏதாவது மூட்டுவாத நோயாக இருக்கலாம்.

அந்த அக்கா போன வாரம் வந்திருந்தார். வலி முழுக்கப் போகவில்லை, பாதி குறைந்திருக்கிறது. பிரித்த சேலைகளை மடிக்கும்போது மட்டும் இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறாராம்.