எத்தனை பேரில், நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளை குட்டியோடு வந்து பாய் விரித்து இருக்கும் கல்லடி மக்களே, வணக்கம்.

வாதத்தில் வைக்கப்படும் ஆய்வையும் புள்ளிவிபரத்தையும் நம்பலாமா, சந்தேகிக்க வேண்டுமா என்பது தலைப்பு. சந்தேகிக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன் பேசிய தம்பி மூச்சுக்கு மூச்சு "ஆய்வு சொல்கிறது" என்றார். யார் செய்த ஆய்வு, எத்தனை பேரில் செய்தது? ஒரு தடவை சொல்லியிருந்தால் இந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போய் இருந்திருப்பேன்.

"சஞ்சிகையில் வந்த ஆய்வைச் சந்தேகிப்பது படிக்காதவன் வேலை" என்றும் சொன்னார். சரி தம்பி. 2015இல் ஜோன் பொஹானன் என்ற விஞ்ஞானச் செய்தியாளரும் அவரோடு சேர்ந்த சிலரும் ஜெர்மனியில் ஓர் ஆய்வு செய்தார்கள். கறுப்புச் சொக்லேட் தின்றால் உடம்பு கெதியாக மெலியும் என்று முடிவு வந்தது. சஞ்சிகையில் வந்தது, பத்திரிகைகளில் வந்தது, பல நாடுகளுக்கும் போனது. பிறகு அவரே வாய் திறந்தார். ஆய்வில் இருந்தது 15 பேர். ஆனால் நிறை, கொலஸ்ட்ரோல், நித்திரை என்று அளந்தது 18 விடயம். ஒவ்வொன்றிலும் ஐந்து வீதம் தற்செயலுக்கு இடம் விட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 18இல் ஒன்றாவது சும்மா தேறுவதற்கு 60 வீத வாய்ப்பு இருக்கிறது. வாவியில் 18 தூண்டிலைப் போட்டுவிட்டு, மீன் பட்ட ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டுவது போலத்தான். இதெல்லாம் எவ்வளவு சுகமாக நடக்கிறது என்று காட்டத்தான் அவர் வேண்டுமென்றே செய்தார். வேண்டுமென்று செய்யாதவர்கள் வாய் திறக்கப்போவதில்லை, அதுதான் வித்தியாசம்.

அடுத்தது தம்பியின் "இரண்டு மடங்கு ஆபத்து". கையைத் தூக்கித் தூக்கிச் சொன்னார், சபையும் பயந்தது. இங்கே தாய்மார் இருக்கிறீர்கள், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1995இல் பிரித்தானியாவில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஒன்று எச்சரிக்கை விட்டது: புதிய வகைக் கருத்தடைக் குளிசை எடுத்தால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்கு. பொய்யில்லை. பழைய குளிசையில் ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது, புதியதில் இரண்டு பேருக்கு என்று ஆனது. அந்த 7,000 என்ற எண் சனத்தின் காதுக்குப் போகவில்லை, "இரண்டு மடங்கு" மட்டும் போனது. பெண்கள் குளிசையை விட்டார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடியதாகக் கணக்கிட்டார்கள். அதோடு கேளுங்கள், கர்ப்பமும் பிரசவமும் இரத்தம் உறையும் ஆபத்தை அந்தக் குளிசையைவிடக் கூட்டுகிறவை! எதுக்குப் பயந்தார்களோ அதைவிடப் பெரியதில் போய் விழுந்தார்கள். எண் சரி. சொன்ன விதம்தான் கெடுத்தது. எதிலிருந்து இரண்டு மடங்கு என்று யாராவது கேட்டிருந்தால்?

வெளிநாட்டுக் கதை போதும் என்கிறீர்களா? நம்முடைய தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்துக்கு வருவோம். 2016இல் இலங்கையில் வறுமை 4.1 வீதம். 2019இல் 14.3 வீதம். எதிரணி இதை எடுத்து, மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்குக்கு மேல் பெருகியது என்று பேசியது. பெருகவில்லை ஐயா. 2002இல் கீறிய பழைய வறுமைக் கோட்டை விட்டுவிட்டு, 2012/13 செலவுக் கணக்கை வைத்துப் புதுக் கோடு கீறினார்கள். கோடு மேலே போனது, அதற்குக் கீழே நிற்கிற ஆட்களும் கூடினார்கள். திணைக்களம் அதை ஒளிக்கவும் இல்லை, மேடையில் வாசிப்பவர்தான் அடிக்குறிப்பை விட்டுவிடுகிறார்.

அதே 2016 கணக்கில் மட்டக்களப்பு 11.3 வீதம். இதை வைத்து யாருடைய வீட்டு அடுப்பைச் சொல்வீர்கள்? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பஸார் வீதியில் கடை வைத்திருப்பவரும் அதற்குள், மேற்கே படுவான்கரையில் மழையை நம்பி விதைக்கிறவரும் அதற்குள். வெல்லாவெளிப் பக்கம் யானை வேலி உடைத்த வயற்காரனுக்கு அந்தத் தசம் மூன்று என்ன செய்யும்?

ரியூட்டரி மதிலில் தொங்குகிற "100 வீதம் சித்தி" பதாகையையும் ஒரு நிமிடம் பாருங்கள். பரீட்சைக்கு முன் "உனக்கு இந்தப் பாடம் சரிவராது மகன்" என்று அனுப்பிய பிள்ளைகள் அந்த நூறில் எங்கே இருக்கிறார்கள்?

அடுத்து வரப்போகும் எதிரணி அக்கா சிகரெட்டை எடுப்பா, எனக்குத் தெரியும். "இப்படிச் சந்தேகம் கிளப்பித்தானே சிகரெட் கொம்பனிகள் பிழைத்தன" என்பா. ஓம், பிழைத்தன. காசு கொடுத்துச் சந்தேகம் வாங்கினார்கள். ஆனால் புகைத்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று பிரித்தானிய ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டோலும் பிரட்போர்ட் ஹில்லும் 1950இல் சொன்னதை உலகம் ஏன் நம்பியது? அதே வருடம் அமெரிக்காவில் வேறு ஆட்கள் தேடியும் அதே விடை வந்தது. அதோடும் விடாமல், 1951இல் சுமார் 40,000 பிரித்தானிய டொக்டர்மாரிடம் புகைப் பழக்கத்தைக் கேட்டு எழுதி, 50 வருடம் பின்தொடர்ந்தார்கள். கேள்வி கேட்கக் கேட்க அது இறுகியது. அக்கா, அப்படி ஒன்றைக் கொண்டு வாருங்கள், முதல் கைதட்டு என்னுடையது. காலையில் வட்ஸ்அப்பில் வந்ததைக் கொண்டு வந்தால், எத்தனை பேரில் என்று இந்தப் பாயில் இருக்கிற சின்னப் பிள்ளையும் கேட்கும். வணக்கம்.