சுவர் எங்கே முடிகிறது?

அவையோருக்கு வணக்கம்.

பரோக் கலை, அதாவது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அலங்காரம் மிகுந்த கலை என்றதும் தங்க முலாம், ஆடம்பரம் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் மனக்குறை உண்டு. அந்த அறைகளில் நீங்கள் முதலில் சுவரைப் பாருங்கள். அது எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள்.

ரோமில் புனித இஞ்ஞாசியார் ஆலயம் இருக்கிறது. 1690களின் முற்பகுதியில் அதன் கூரைக்கு ஓவியம் தீட்டியவர் அந்திரேயா போட்ஸோ, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் சகோதரர். நிஜச் சுவருக்கு மேலே ஓவியத் தூண்கள் எழும்புகின்றன. அதற்கும் மேலே வானம் திறந்துகொள்ள, மேகங்களுக்கு நடுவே அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஏறிப் போகிறார். தரையில் வட்டமாக ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்றால் தூண்கள் நேராக நிற்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் சாய ஆரம்பித்துவிடும். பீடத்தை நோக்கி நடந்தால் ஒரு குவிமாடம் தெரியும். அதுவும் தட்டையான துணியில் வரைந்ததுதான்! குவிமாடம் கட்டப்படாமல் போன இடத்தை 1685இல் அவரே தூரிகையால் நிரப்பியிருந்தார். ஏமாற்று வேலை என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கே நிற்க வேண்டும் என்று கல் பதித்துச் சொல்லும்போது இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிரான்ஸில் சுவரைக் கரைத்தது கண்ணாடி. பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பேர்போனது வெனிஸ். மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் அங்கிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, 1665இல் பிரான்ஸிலேயே தொழிற்கூடம் தொடங்க வைத்தார். வெர்சாய் அரண்மனைக் கூடத்தில் 17 சன்னல்களுக்கு எதிரே 17 வளைவுகள், அவற்றில் 357 கண்ணாடிகள். அங்கிருந்த வெள்ளி மேசை, விளக்குத் தண்டுகளையெல்லாம் 1689இல் பதினான்காம் லூயி போர்ச் செலவுக்காக உருக்கிவிட்டார். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் 1730கள். பாரிஸ் சுபீஸ் மாளிகையில் ஜெர்மேன் போஃப்ரான் அமைத்த இளவரசியின் நீள்வட்ட அறை. அந்தக் காலத்து அறைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மூலையே கிடையாது. வெள்ளைப் பலகைகளில் தங்க வேலைப்பாடு. அதற்கு மேலே, அலைபோல வளையும் சட்டங்களுக்குள் ஓவியர் நத்துவார் வரைந்த, காதல் தெய்வத்தை மணந்த சைக்கியின் புராணக் கதை. அங்கிருந்து தங்கப் பின்னல் நீலக் கூரைக்குள் ஏறி நடுவில் கூடுகிறது. சுவர் முடிந்த இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியாது.

சரி, சுவரைக் கரைக்கும் இந்தப் பாணி ஏன் நின்றது? இத்தாலியில் எரிமலைச் சீற்றத்தில் புதைந்த பழைய நகரங்களான எர்கொலானோவில் 1738இலும் பொம்பெயில் 1748இலும் அகழாய்வு தொடங்கியது. பண்டைய ரோமானியரின் வீட்டுச் சுவர்களே வெளியே வந்தன. ரசனை மாறியதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. வளைந்த கோடுகளை ஒழித்தது 1789இன் பிரெஞ்சுப் புரட்சி என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பதினைந்தாம் லூயிக்காக கட்டடக் கலைஞர் கப்ரியேல் வெர்சாயில் கட்டிய சின்ன திரியனோன் மாளிகை 1768இலேயே முடிந்துவிட்டது. அங்கே நேர்கோடுகளின் ஆட்சி. பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1784இல் ரோமில் தங்கி வரைந்த ‘ஹொராத்தியர் சபதம்’ ஓவியத்தில், ரோமுக்காகப் போரிடச் சபதம் எடுக்கும் சகோதரர்களுக்குப் பின்னால் அலங்காரமே இல்லாத மூன்று வாயில் வளைவுகள்தான். புரட்சியின் ஓவியம் என்று பேர் வாங்கிய அதையும் வரையச் சொன்னது மன்னரின் அரசுத் தரப்புதான்.