கூடம் கோணல்தானா?

(பெங்களூர் அல்சூரில் தமிழ் அமைப்பு ஒன்றின் ஆண்டு விழாவில் நான் ஆற்றிய உரை, நண்பர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, தம் பல்வேறு பணிகளுக்கிடையிலும் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்து, வரவேற்பு நடனம் தொடங்கி வரவு செலவு அறிக்கை வரை அனைத்தையும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் சிறப்பு விருந்தினர், மாநகராட்சியின் முன்னாள் உறுப்பினர் அவர்களே, என் தகுதிக்கு மீறிய அடைமொழிகளை வரவேற்புரையில் எனக்குச் சூட்டிய செயலாளர் அவர்களே, அமைப்பின் ஒரு ரூபாயையும் வீணாகச் செலவிட விடாத பொருளாளர் அவர்களே, காலையிலிருந்து வாசலில் கோலமும் சமையற்கட்டில் கேசரியுமாக இந்த விழாவைத் தாங்கிக்கொண்டிருக்கும் மகளிர் அணித் தாய்மார்களே, மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துக் கோலார் தங்கவயலிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, நாற்காலி காலியாக இருந்தும் உட்கார மாட்டேன் என்று பின்சுவரில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'மூத்த கலைஞர்களும் புதிய படைப்பும்' என்பது. நான் ஏதேனும் ஒரு நாதசுர வித்துவானைப் பற்றிப் பேசுவேன் என்று விழாக் குழுவினர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நானோ மெட்டாலிகா என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பின்வரிசையில் கைதட்டல் எழுகிறது; முன்வரிசையில் புருவங்கள் எழுகின்றன. இரண்டையும் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். பெங்களூருக்குத் தொடர்பில்லாதவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அவர்கள் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, டெல்லியை அடுத்த குர்கானில் நிகழ்ச்சி ரத்தாகி, ஆத்திரமடைந்த கூட்டம் மேடையைச் சூறையாடியது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, நம் அரண்மனை மைதானத்தில்தான் அவர்களுடைய முதல் இந்தியக் கச்சேரி நடந்தது. என் தங்கை மகன் அதைக் கேட்டுவிட்டு வந்து மூன்று நாள் குரலில்லாமல் திரிந்தான்.

மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். இருபது ஆண்டுகள் ஒன்றாக வாசித்தவர்களால் ஒரு புதிய ஆல்பத்தைச் செய்ய முடியாமற்போனது ஏன் என்பது முதலாவது. கலைக்குப் பணம் எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பது இரண்டாவது. இந்த நகரத்தின் தமிழ்ப் பிள்ளைகள் பாட்டுக் கட்ட முனைந்தால் அவர்களுக்கு என்ன குறைகிறது என்பது மூன்றாவது.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழியை நான் ஏறும் மேடைகளிலெல்லாம் சொல்வேன் என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். செயலாளர் இப்போதே சிரிக்கிறார். ஆடுகிறவளின் குறையைச் சொல்லத்தான் எல்லோரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கூடத்தைப் போய்ப் பார்த்தவர் யார் என்பதுதான் நெடுநாளாக என் கேள்வி. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால்?

மெட்டாலிகா 1981-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய குழு. டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக், டென்மார்க்கிலிருந்து வந்த இளைஞர், உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தின் வழியாகவே பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அவருக்குக் கிடைத்தார். 1986-இல் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் இருபத்து நான்கு வயதில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். மறைந்தவர் மீதிருந்த துக்கத்தையெல்லாம் வந்தவர் மீது கோபமாகக் காட்டினார்கள். அவர் வாசித்த முதல் முழு ஆல்பத்தில், 1988-இல், பேஸ் கிட்டாரின் ஒலி காதில் விழாத அளவுக்குத் தாழ்த்தப்பட்டிருந்தது. அதன் பிறகு 1991-இல் வந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெரும் வெற்றி வந்தால் வீட்டுச் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்து பார்த்திராதவர்களாகத்தான் இருக்க வேண்டும். தமக்கென ஒரு சிறு குழுவை வைத்து வேறு வகைப் பாடல்களை வெளியிட நியூஸ்டெட் விரும்பினார், ஹெட்ஃபீல்ட் சம்மதிக்கவில்லை. 2001 ஜனவரியில் நியூஸ்டெட் விலகினார்.

பேஸ் கலைஞர் இல்லாத நிலையில், அவ்வாண்டு வசந்த காலத்தில், எஞ்சிய ஹெட்ஃபீல்ட், லார்ஸ், கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட் ஆகிய மூவரும் அவர்களுடைய தயாரிப்பாளர் பாப் ராக்கும் புதிய ஆல்பத்தைத் தொடங்கினார்கள். பழைய பதிவுக்கூடங்கள் வேண்டாம், எவருக்கும் பழக்கமில்லாத இடம் வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோவில் பிரெசிடியோ என்னும் பழைய ராணுவக் குடியிருப்பில் ஒரு கட்டடத்தை எடுத்து அதையே பதிவுக்கூடமாக்கினார்கள். ஆளுக்கொரு பாட்டை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வராமல், நால்வரும் அந்தக் கூடத்தில் நின்று அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது என்பது ஏற்பாடு. இதற்கு முன்பே, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மனநலப் பயிற்சியாளரையும் அமர்த்தியிருந்தார்கள். அவருக்கு மாதம் 40,000 டாலர் ஊதியம். பொருளாளர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். அஞ்ச வேண்டாம், நான் கேட்கப்போவது அவ்வளவு பெரிய தொகை இல்லை.

சில மாதங்களிலேயே எல்லாம் நின்றது. 2001 ஜூலையில் ஹெட்ஃபீல்ட், மதுப் பழக்கத்திலிருந்து மீள, சிகிச்சைக்குச் சென்றுவிட்டார். எப்போது வருவார், வருவாரா என்பதுகூட மற்றவர்களுக்குத் தெரியாது. ராணுவக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். மறு ஆண்டு அவர் திரும்பி வந்தபோது, சான் ரஃபேல் என்ற ஊரில் தங்களுக்கென அமைத்த புதிய கூடத்தில் வேலை மறுபடியும் தொடங்கியது. பகல் 12 மணி முதல் 4 மணி வரை மட்டுமே தாம் வேலை செய்வதாகவும், தாம் போன பிறகு மற்றவர்கள் பதிவுகளைத் தொடக்கூடாது, கேட்கவும் கூடாது என்றும் அவர் நிபந்தனை வைத்தார். லார்ஸ் கொதித்துப்போனார். நடந்ததையெல்லாம் ஓர் ஆவணப்படக் குழு உடனிருந்து பதிவு செய்துகொண்டிருந்ததால், அந்த அறைக்குள் ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர் கத்தியது வரை இன்று நம்மால் பார்க்க முடிகிறது.

அந்த ஆவணப்படத்தில் வரும் ஒரு காட்சியை, நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று, சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். லார்ஸின் தந்தை டோர்பன் உல்ரிக் என்பவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் டென்மார்க்குக்காக டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடியவர். ஜாஸ் இசைக்குழுக்களில் கிளாரினெட் வாசித்தவர். புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் டெக்ஸ்டர் கோர்டன் லார்ஸுக்கு ஞானத்தந்தை என்பதிலிருந்து அந்த வீட்டில் எத்தகைய இசை கேட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாடி மார்பையும் தாண்டித் தொங்குகிறது. நம் ஊர்த் தெருவில் நடந்தால் நாலு பேர் காலில் விழுந்துவிட்டுத்தான் யாரென்று விசாரிப்பார்கள். அவரைப் பதிவுக்கூடத்துக்கு அழைத்துவந்து உட்கார வைத்து, புதிதாகச் செய்த ஓர் ஒலித்துண்டை மகன் போட்டுக் காட்டுகிறார். உலகம் முழுக்க ரசிகர்கள், கோடிக்கணக்கில் செல்வம், நாற்பதை நெருங்கும் வயது. அத்தனையும் இருந்தும் அந்த மகன் முகத்தில் தேர்வுத்தாளை அப்பாவிடம் நீட்டும் பள்ளிப் பையனின் பதற்றம். பெரியவர் முழுவதையும் கேட்கிறார். தலையை ஆட்டவில்லை, இடையில் பேசவில்லை. கேட்டு முடித்து, குரலை உயர்த்தாமல், ஆலோசனை கேட்டால் 'இதை அழித்துவிடு' என்றுதான் சொல்வேன் என்கிறார். மகன் சிரிக்க முயல்கிறார். ஆல்பத்தின் தொடக்கமாகவே இதை வைக்கலாம் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்களே என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறார். இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை என்கிறார் தந்தை. அவ்வளவுதான். மாதம் 40,000 டாலர் வாங்கியவர் ஒன்றரை ஆண்டில் சொல்லாததை அந்தத் தாடிக்காரர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அவர் மகனிடம் டிரம்ஸை விட்டுவிடு, வேறு வேலைக்குப் போ என்று சொல்லவில்லை. இது என்ன இரைச்சல் என்று முகம் சுளிக்கவுமில்லை. அந்தக் கூடத்துக்குப் போனார், உட்கார்ந்தார், முழுவதும் கேட்டார், பிறகு மறுத்தார். நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளின் கூடத்துக்குப் போயிருக்கிறோம்?

ஆல்பம் 2003 ஜூனில் வெளிவந்தது. 'செயின்ட் ஆங்கர்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. ரசிகர்களில் பாதிப் பேர் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஸ்னேர் டிரம்மின் அடியில் அதிரும் கம்பியைத் தளர்த்திவிட்டே லார்ஸ் வாசித்ததால், அதன் ஒவ்வொரு அடியும் காலிப் பால் கேனைத் தட்டுவது போல ஒலிக்கிறது. கிர்க் ஹாமெட் போன்ற தேர்ந்த கிட்டார் கலைஞரை வைத்துக்கொண்டு தனி ஆவர்த்தனம் ஒன்றுகூட இல்லை. நான் அதை முழுவதும் கேட்டிருக்கிறேன். நல்ல ஆல்பம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதைச் செய்து முடித்ததால்தான் குழு பிழைத்தது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. பதிவில் பேஸ் கிட்டாரைப் பாப் ராக்கே வாசித்திருந்தார். ஆல்பம் வெளியாகும் முன்பு ராபர்ட் ட்ருஹியோவைச் சேர்த்துக்கொண்டு, முன்பணமாகப் பத்து லட்சம் டாலர் தந்தார்கள். இடத்தை நிரப்ப வந்தவரை இம்முறை எப்படி நடத்த வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அடுத்த ஆல்பம் 2008-இல் வந்தது, தனி ஆவர்த்தனங்கள் திரும்பின, பழைய மூவரும் ட்ருஹியோவுமாக அந்த நால்வரே நம் அரண்மனை மைதானத்தில் வந்து நின்றார்கள். காத்திருப்பதைப் பற்றிப் பெங்களூர்த் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: 1991-இல் சிலையாக நிறுவப்பட்ட வள்ளுவர், இதோ இந்த அல்சூர் ஏரிக்கரையில், 2009 ஆகஸ்ட் 9 வரை திறக்கப்படாமல் மூடிய துணிக்குள் 18 ஆண்டுகள் நின்றார்.

பணத்தைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஆகவே பின்சுவரில் சாய்ந்து நிற்பவர்களிடம் வருகிறேன்.

அவர்களில் நான்கு பேர் காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் ஒத்திகை பார்க்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். சத்தம் வெளியே போகாதாம், ஆனால் போகிறது. பேஸ் டிரம்முக்குள் ஒரு பழைய கம்பளியைத் திணித்து, குச்சிகளின் நுனியில் துணி சுற்றி அடிக்கிறார்கள். மின்விசிறியைப் போட்டால் ஒலிவாங்கியில் இரைச்சல் ஏறுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய, தமிழில் தாங்களே எழுதிய பாட்டை வாசிக்கிறார்கள். எட்டு மணிக்கு மேல் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். ஒரு முறை காவலர்களும் வந்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஜாம் ரூம்கள், அதாவது ஒத்திகை அறைகள், நகரத்தில் உண்டு. அந்த வாடகையை வாரந்தோறும் கொடுக்கும் வசதி இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அகம் போன்ற குழுக்கள் கர்நாடக இசையையும் ராக்கையும் இணைத்து இதே நகரத்திலிருந்துதான் பெயர் பெற்றன. அடுத்த குழு அல்சூரிலிருந்து வரக்கூடாதா?

நம் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கூடம் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், பழைய விழாக்களின் பதாகைகள், யாரோ கொடுத்து யாரும் எடுக்காத ஒரு பெரிய இட்லிக் கொப்பரை. அதைச் சனி, ஞாயிறு மாலைகளில் இளைஞர்களுக்கு ஒத்திகைக்குத் தர வேண்டும் என்று செயற்குழுவில் நான் பலமுறை கேட்டுவிட்டேன். சென்ற கூட்டத்தில் எனக்குக் கிடைத்த விடை, மழைநீர் வடிவதற்காகத் தளம் ஒரு பக்கம் சாய்வாகக் கட்டப்பட்டிருக்கிறது, அங்கே டிரம்ஸை வைத்தால் நகரும் என்பது. அவையோரே, கூடம் கோணல்! என் பழமொழி எனக்கே திரும்பி வந்தது. ஆடுகிறவர்கள் கோணல் என்று சொல்லவில்லை. அவர்கள் வந்து பார்த்து, ஒரு பலகையை அடியில் கொடுத்தால் போதும் என்கிறார்கள். கோணல் என்று சொல்பவர்கள் சாவியை வைத்திருக்கும் நாம்.

இந்த நல்ல வேளையில், சிறப்பு விருந்தினர் முன்னிலையில், மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறேன். வரும் செயற்குழுவிலேயே அந்தக் கூடத்தைச் சனி, ஞாயிறு மாலை 4 முதல் 8 வரை திறப்பதென்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஏரிப் பக்கத்துச் சன்னல்களுக்குத் தடித்த திரையும் தளத்துக்கு ஒரு மரப்பலகை மேடையும் போடும் செலவை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். முதல் தொகையை நான் தருகிறேன். மாதத்துக்கு ஒரு முறை முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது மாடியேறி வந்து, பிள்ளைகள் வாசிப்பதை முழுவதும் கேட்க வேண்டும். பிடிக்காவிட்டால் 'அழித்துவிடு' என்று தாராளமாகச் சொல்லலாம். முழங்கால் வலிக்கிறவர்களைத் தூக்கிக்கொண்டு போக நான்கு பேர் தயாராக இருப்பதாகப் பின்வரிசையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ரசீதுப் புத்தகம் பொருளாளர் ஐயாவிடம் இருக்கிறது. அவர் அதை இன்று கொண்டுவந்திருக்கிறார் என்பதை மேடைக்கு வருமுன் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். கேசரி ஆறுவதற்குள் ஒரு வரிசையாக வந்து எழுதிவிட்டுப் போகலாம். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.