தராசடியில் விசுவாசம்

நேயர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கங்களில் ரப்பர் தோட்டமோ ரப்பர் பால் வாங்கும் கொட்டகையோ நடத்துகிறவர்களில், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய விசுவாசத்தைப் பணியாளர்கள் பார்ப்பது தராசடியில்தான். வேலைக்கு முன் எல்லோரையும் நிறுத்தி ஜெபிப்பதை நான் சொல்லவில்லை. கூலி கொடுக்கிறவர் கூப்பிட்டால், ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பிற மதத்துப் பால்வெட்டுக்காரர் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. எடை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வில்லங்கம் டி.ஆர்.சி.யில், அதாவது பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் சதவீதத்தில். 100 கிலோ பாலுக்கு 35 என்பதை 32 என்று எழுதினால் 3 கிலோ ரப்பர் போச்சு. பல நேரம் அது களவுகூட இல்லை, வெறும் அவசரம்.

கேனை நன்றாகக் கலக்கிவிட்டு மாதிரி எடுங்கள். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, நுரையை வழித்தெடுத்து, டி.ஆர்.சி. காட்டும் மிதவைக் கருவியான மெட்ரோலாக்கை அதில் மெதுவாக மிதக்கவிடுங்கள். ஆட்டம் நின்றபின் வரும் எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். கருவியில் பழைய பால் காய்ந்து ஒட்டியிருந்தால் அது எண்ணைத் தவறாகக் காட்டும். அப்போது யாரோ ஒருவருக்கு நஷ்டம். கழுவி வைப்பது இரு தரப்புக்கும் நியாயம். பால் கொண்டுவந்தவரும் எண்ணைப் பார்க்கட்டும். அவருக்குச் சந்தேகம் என்றால், முகம் சுளிக்காமல், மாதிரியை ஆசிட் விட்டு உறையவைத்து, காயவைத்து, நிறுத்துக் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கண்டிப்பது. கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால், அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி வெட்ட வாகாக இராது. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் மத்தேயு 18:15 சொல்வதுபோல் முதலில் தனியாகப் பேசுங்கள். கொட்டகையில் நாலு பேர் முன்னால் வேண்டாம். அந்த மரத்தடிக்கே கூட்டிப்போய்க் காயத்தைக் காட்டுங்கள். கத்தி மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாலின் எடைக்கு ஏற்ப நீங்கள் கூலி கொடுத்தால், ஆழமாக வெட்டச் சொன்னதே உங்கள் கணக்குதான். நல்ல வெட்டுக்கும் ஒரு தொகை வையுங்கள்.

கூலியை அன்றன்றே, பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24:15. இப்போது வாரக் கூலிதான் வசதி என்றால், பேசிய சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருக்கட்டும். "திங்கள்கிழமை வா" என்று அனுப்பிவிட்டு மறுநாள் காணிக்கைப் பையில் நோட்டுப் போடுகிறவர், அது யாருடைய நோட்டு என்று யோசிக்கலாம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வெட்டும் இடம் நனையாமல் காக்கும் மழைத்தடுப்பு ஒட்டாத மரத்தில் அந்த நாட்களில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. பால்வெட்டுக்காரர் வட்டிக்குப் போவது அப்போதுதான். மழைக்கு முன்பே முன்பணம் பேசுங்கள். எவ்வளவு, எந்த மாதம் முதல் எவ்வளவு கழிப்பது என்பதை இரண்டு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.